யாழ்ப்பாணத்துக்கு உள்ள பெயர் மட்டக்களப்புக்கு ஏன் இல்லை?

கேள்வி இதுதான். கல்லடிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் உயர்தர மாணவர்கள் விவாதப் போட்டிக்கு ஆயத்தமாகிறார்கள். தலைப்பு: "உலக அறிமுகத்திலும் பண்பாட்டுச் செல்வாக்கிலும் விஞ்சி நிற்பது யாழ்ப்பாணமா, மட்டக்களப்பா?" மட்டக்களப்பு அணிக்கு என்னென்ன சான்று கிடைக்கும், எந்த இடத்தில் சறுக்குவார்கள் என்று அவர்களுடைய ஆசிரியர் கேட்டிருக்கிறார்.

ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். உலக அறிமுகம் என்ற பாதியில் யாழ்ப்பாணம் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. அதை மறுத்து வாதாடப் போனால் உங்கள் அணி முதல் பேச்சாளரோடேயே தோற்றுவிடும். பண்பாட்டுச் செல்வாக்கு என்ற மற்றப் பாதியின் கணக்கு வேறு. மட்டக்களப்பிலிருந்து வெளியே போனவை நிறைய. போகும்போது அவை ஊர்ப்பெயரை இங்கேயே விட்டுவிட்டுப் போயின. நெல்லை எடுத்துப் பாருங்கள். நாட்டின் நெல் விளைச்சலில் அம்பாறை முன்வரிசை மாவட்டம், மட்டக்களப்பும் சளைத்ததில்லை. ஆலையில் குற்றி மூட்டை கட்டியதும் அது நாடு, சம்பா, கீரிச்சம்பா என்று இனப்பெயரால் கொழும்புக்குப் போகிறது. எந்த வயலில் விளைந்தது என்பது மூட்டையில் இல்லை. யாழ்ப்பாணத்துக் கறித்தூளோ ரொறன்ரோவிலும் லண்டனிலும் தமிழ்க் கடைத் தட்டில் ஊர்ப்பெயரைப் பொதியிலேயே தாங்கி இருக்கிறது. வறுத்து இடித்த தூள் மாதக்கணக்கில் கெடாது, கப்பலேறும். எங்கள் எருமைத் தயிர்ச் சட்டி சில நாளுக்கு மேல் தாங்காது. ஒரு ஊரின் புகழ் எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்த ஊரின் சரக்கு எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதும் தீர்மானிக்கிறது. கலைக்கும் நூலுக்கும்கூட இது பொருந்தும். அச்சில் ஏறியது நெடுந்தூரம் போகும். கூத்துக் களரியில், அந்த ஆடுகளத்தில், ஆடியது விடிந்ததும் முடிந்துவிடும்.

ஒப்பிடத் தொடங்குமுன் எல்லையைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான விவாதங்கள் குழம்புவது இங்கேதான். அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய ஆவணம் எதிலும் "மட்டக்களப்பு" என்றால் வெருகல் ஆற்றிலிருந்து தெற்கே பொத்துவில் தாண்டியும் போகிற நீண்ட கரை. சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு இன்று அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறது. அவர் பிறந்த 1892இல் அது மட்டக்களப்பு. எதிரணி இதைப் பிடித்துக்கொண்டு "அவர் உங்களூர்க்காரர் இல்லையே" என்று கேட்கலாம். ஆகவே "மட்டக்களப்பு என்று நாங்கள் சொல்வது பழைய மட்டக்களப்புப் பிரதேசத்தை" என்று முதல் வாக்கியத்திலேயே வரையறுத்துவிடுங்கள். யாழ்ப்பாணத்தையும் அப்படியே குடாநாடு முழுவதுமாக எடுக்கவேண்டும். வட்டுக்கோட்டையும் மானிப்பாயும் யாழ் நகரத்துக்குள் இல்லை. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 5.8 இலட்சம் பேர், மட்டக்களப்பில் 5.3 இலட்சம், அம்பாறையில் 6.5 இலட்சம். "சின்ன ஊர், அதனால்தான் பெயரில்லை" என்ற வாதம் இந்த எண்களோடு நிற்காது.

அளவுகோல் பற்றி ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேடி "இத்தனை இலட்சம் முடிவுகள் வந்தன" என்று சொல்லாதீர்கள். அந்த எண் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். போதாததற்கு, மட்டக்களப்பை ஆங்கிலம் பட்டிக்கலோ என்கிறது, சிங்களம் மடகலப்புவ என்கிறது, போர்த்துக்கேய, ஒல்லாந்த ஏடுகள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதியிருக்கின்றன. ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதி காணாமல் போகும். யாழ்ப்பாணத்தின் ஆங்கிலப் பெயரோ இஸ்ரேலின் தோடம்பழத் துறைமுகமான யாஃபாவின் பெயரோடு ஓரெழுத்து வித்தியாசத்தில் கலந்துவிடும். உலக நகரங்களைத் தரப்படுத்தும் பட்டியல்களும் உதவா. அவை வங்கி, கணக்காய்வு, சட்டம், விளம்பரம் போன்ற சேவை நிறுவனங்களின் கிளை வலையமைப்பை எண்ணுபவை. அவற்றில் நம் இரண்டு ஊருக்குமே இடமில்லை.

அதைவிட உருப்படியான ஐந்து சோதனைகள் உண்டு. அந்த ஊரில் பிறக்காத, அந்த மொழி பேசாத ஒருவர் அதைப்பற்றி நூல் எழுதியிருக்கிறாரா? அந்த ஊர்ப்பெயரை ஒட்டி வெளிநாட்டில் பொருளோ அமைப்போ இயங்குகிறதா? அந்த ஊரின் கலையை வேறோர் ஊர் எடுத்துத் தன்னதாக்கியிருக்கிறதா? அந்த ஊரை விட்டுப் போனவர்கள் போன இடத்திலும் ஊர்ப்பெயரால் அறியப்படுகிறார்களா? பேரழிவுச் செய்தியை நீக்கிவிட்டால் அந்தப் பெயர் வெளியுலகில் மிஞ்சுகிறதா? முதல் மூன்றில் மட்டக்களப்பு தேறும். இரண்டாவதில் தட்டுத்தடுமாறித்தான். நான்காவதில் யாழ்ப்பாணம் தனிக்காட்டு ராசா.

இனி யாழ்ப்பாணத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பார்ப்போம். எதிரணியின் பலத்தை அவர்களைவிட நன்றாகத் தெரிந்துகொள்வதுதான் பாதி ஆயத்தம்.

யாழ்ப்பாணம் 1619 வரை ஒரு அரசு. அரசு இருந்தால் அரண்மனை இருக்கும், புலவர் இருப்பார், வரலாறு எழுதப்படும். மட்டக்களப்பில் கண்டி மன்னனின் மேலாண்மைக்குக் கீழே வன்னிபங்கள் என்ற சிற்றரசர்களும் போடிமார் என்ற நிலக்கிழார்களும் ஆண்டார்கள். தலைநகர் என்று ஒன்று எழவில்லை. ஒல்லாந்தரும் தங்கள் ஆட்சியைக் கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் என்று மூன்றாகப் பிரித்தார்கள். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பாதிரியார் பல்தேயஸ் 1672இல் வெளியிட்ட பெருநூல், குடாநாட்டின் கோயிற்பற்றுகளை ஐரோப்பாவுக்குப் படத்தோடு காட்டியது.

பிறகு அமெரிக்க மிஷன். 1816இல் வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலை, 1841இல் உதயதாரகை பத்திரிகை, 1848 அளவில் மானிப்பாயில் மருத்துவர் கிறீனின் மருத்துவப் பணி. அதற்கு எதிர்வினையாக ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரம் நிறுவினார். சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். பின்னாளில் கலித்தொகை உள்ளிட்ட பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார். ஆங்கிலம் படித்த அடுத்த தலைமுறை மலாயாவின் ரயில்வேக்கும் அரச அலுவலகங்களுக்கும் போனது. வட்டுக்கோட்டையில் பிறந்த சி. இராஜரத்தினம் சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சர். 1983க்குப் பின் கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, நோர்வே என்று ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பரவின. கடைசியாக, கிரிக்கெட். 2020இல் தொடங்கிய லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாணப் பெயர் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் கிண்ணம் வென்றது. தொலைக்காட்சியில் அந்தப் பெயரைக் கேட்ட வெளிநாட்டார் எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் அறிமுகம். மட்டக்களப்புப் பெயரில் அந்த லீக்கில் அணியே இல்லை.

ஒரே ஒரு ஒப்பீடு எல்லாவற்றையும் விளக்கிவிடும். யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதியது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1879இலேயே வந்துவிட்டது. மட்டக்களப்பு மான்மியம் எவ்வளவோ காலம் ஏடுகளில் கிடந்து, எஃப். எக்ஸ். சி. நடராசாவின் பதிப்பாக 1962இல்தான் அச்சைக் கண்டது. எண்பத்துமூன்று ஆண்டு இடைவெளி. இலங்கைத் தமிழரைப்பற்றி எழுத வந்த வெளிநாட்டார் அந்த எண்பத்துமூன்று ஆண்டும் கையில் வைத்திருந்தது யாழ்ப்பாணத்தின் நூலைத்தான். "இலங்கைத் தமிழர்" என்றால் "யாழ்ப்பாணத்தார்" என்று எழுதும் பழக்கம் உறைந்துபோனதற்கு இது முக்கியமான காரணம் என்றே கருதுகிறேன்.

இத்தனைக்கும் மட்டக்களப்பு பின்னால் தொடங்கிய ஊரில்லை. ஒல்லாந்தக் கடற்படைத் தலைவர் யோரிஸ் வன் ஸ்பில்பேர்கன் 1602இல் வந்திறங்கியது மட்டக்களப்பில். இங்கிருந்துதான் கண்டிக்குப் போய் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கட்டிய கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இந்தத் தீவில் போர்த்துக்கேயரிடமிருந்து அவர்கள் பறித்த முதற்கோட்டை அது. யாழ்ப்பாணக் கோட்டை விழுந்தது 1658இல், இருபது ஆண்டு கழித்து. ஆங்கிலக் கல்வியும் அப்படியே. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். மெதடிஸ்த மத்திய கல்லூரி அந்த வழியில் வந்தது. அமெரிக்கர் யாழ்ப்பாணம் வர இரண்டு ஆண்டுகள் முன்பு! ஆனால் ஓல்ட் 1815 ஏப்ரலில், வந்து ஓராண்டு நிறையுமுன் காலமானார். அங்கே ஒரு மிஷன் கூட்டமாக வந்து செமினரியும் அச்சகமும் மருத்துவமனையுமாக வேரூன்றியது. இங்கே ஒருவர் தனியே வந்தார், போய்விட்டார். தொடக்கத்தில் முந்தியவர் தொடர்ச்சியில் பிந்தினார் என்று இதை விவாதத்தில் சொல்லலாம், நடுவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

இப்போது உங்கள் அணியின் பலமான பக்கம். இங்கே நேரத்தைச் செலவழியுங்கள்.

முதலில் விபுலாநந்தர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931இல் தமிழ்ப் பேராசிரியர். அங்கே பாரதி கழகம் அமைத்து, கல்வியுலகம் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத பாரதியாரை மாணவர் மத்தியில் நிறுத்தியவர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். இமயமலையின் மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து இராமகிருஷ்ண மிஷனின் ஆங்கில இதழுக்கு ஆசிரியராக இருந்தார். பழந்தமிழரின் யாழை இயற்பியலும் கணிதமும் கொண்டு மீட்டெடுத்த யாழ்நூல் 1947 ஜூனில் அன்றைய தஞ்சை மாவட்டத்துத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. ஆறு கிழமை கழித்து, ஜூலை 19இல் அவர் மறைந்தார். யாழைப் பெயரில் வைத்திருப்பது ஓர் ஊர். யாழை ஆராய்ந்து மீட்டது இன்னோர் ஊர்க்காரர். எதிரணி "அவர் மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர், யாழ்ப்பாணம்தான் அவரை வளர்த்தது" என்று சொல்லக்கூடும். அதிபராக இருந்தது உண்மை, ஒப்புக்கொள்ளுங்கள். 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை அவர் எழுப்பியது கல்லடி உப்போடையில், அடங்கியதும் அங்கேயே.

அடுத்தது கூத்து, மிக முக்கியமானது. வடமோடி, தென்மோடி என்று இரண்டு மரபு. வடமோடியில் பாரதப் போர், இராமாயணப் போர் போன்ற கதைகள், கரப்புடை, புயம், முடி என்ற பாரமான உடையணிகள், விசையான ஆட்டம். தென்மோடியில் பாட்டு இழுபடும், ஆட்டம் நுணுங்கும். கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் சட்டம் கொடுப்பதில், அதாவது ஆடுபவருக்கு அவரவர் பாட்டை எழுதிக் கொடுப்பதில் தொடங்கி, மாதக்கணக்கில் களரியில் பழக்கி, சதங்கை அணிந்து, வட்டக்களரியில் அரங்கேறி விடியவிடிய ஆடுவது வழக்கம். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்த வடமோடி ஆட்டத்தை எடுத்து, இரவு முழுதும் நீளும் கூத்தைச் சில மணி நேர மேடை நாடகமாகச் சுருக்கி அமைத்தார். அப்படி அமைந்த இராவணேசனில் இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பைச் சேர்ந்த மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் பேராசிரியர். ஈழத்து நவீன நாடகம் தன் உடல்மொழியைத் தேடியபோது போய் எடுத்த கிணறு மட்டக்களப்புக் களரிதான். இன்று ஒருவர் அதை "ஈழத்து நாடக மரபு" என்கிறார், இன்னொருவர் "இலங்கைத் தமிழ் அரங்கு" என்கிறார். களரியின் ஊர்ப்பெயர் மறைந்தே போயிற்று. மூன்றாவது சோதனையில் இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

"வித்தியானந்தன் யாழ்ப்பாணத்தார், அவர் இல்லாமல் கூத்து வெளியே போயிருக்காது" என்று மறுமொழி வரும். அதுவும் சரிதான். சுமந்தவர் அங்கே, ஊற்று இங்கே. செல்வாக்கு என்ற சொல் ஊற்றுக்குரியது, அறிமுகம் சுமந்தவருக்குரியது. தலைப்பில் இரண்டு சொல்லும் தனித்தனியாக இருப்பதை நடுவருக்கு நினைவூட்டுங்கள்.

கண்ணகி வழிபாடும் இதே கணக்கில் வரும். யாழ்ப்பாணத்தில் கண்ணகி கோயில்கள் பல, சைவ சீர்திருத்தத்தின் பின் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. இங்கே காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம், புன்னைச்சோலை என்று கரை நெடுகக் கண்ணகி அம்மன் கண்ணகியாகவே இருக்கிறாள். வைகாசியில் கதவு திறந்து, கண்ணகி கதையான வழக்குரை படித்து, கலியாணக்கால் நட்டு, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கோடு முடிப்பது இன்றும் நடக்கிறது. சிலப்பதிகாரம் படிக்க வருபவருக்கு அந்தக் கதை வழிபாடாக உயிரோடிருப்பதைக் காட்டக்கூடிய இடங்கள் உலகில் மிகச் சில. சிங்களவரின் பத்தினி தெய்யோ வழிபாட்டோடும் இதற்குத் தொடர்பு உண்டு என்பதால் ஆய்வாளர் கவனம் இந்தப் பக்கம் திரும்பியது.

ஆய்வாளர் என்றதும் இன்னொன்று. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் தங்கி, தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மாதிரித் தாய்வழிக் குடிமுறையைப் பேணுவதையும், மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை வீட்டுக்கு எடுப்பதையும் பதிவுசெய்தார். மானிடவியல் வகுப்பறையில் தாய்வழிச் சமூகம் பற்றிப் பேசும்போது இந்தக் கரை பேசப்படுகிறது. மொழியியலில் இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி இருக்கிறது. மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பங்களில்தான் அது பெரும்பாலும் எஞ்சியிருக்கிறது. இயன் ஸ்மித் 1970களில் அதன் ஒலியமைப்பை ஆராய்ந்தார், அண்மையில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்தோசோ ஒலி, ஒளிப்பதிவுகளாக ஆவணப்படுத்தினார். அருகும் மொழிகளைப் படிக்கும் ஆளுக்கு மட்டக்களப்பு தெரிந்த பெயர். தமிழைப் பொறுத்தமட்டில், செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலெபில் மட்டக்களப்புப் பேச்சுவழக்கை எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியதென்று குறிப்பிட்டிருக்கிறார். மறுகா, கிறுகு, ஒள்ளுப்பம், "என்னகா", "வா மனே" என்று பேசுபவரைக் கேலிசெய்யும் எதிரணிப் பேச்சாளருக்கு அது போதும்.

முஸ்லிம்களை விட்டுவிட்டு மட்டக்களப்பு வாதம் கட்டாதீர்கள். பொல்லடி என்ற கோலாட்டமும் றபான் மேளமும் நாட்டார் கவிகளும் மருதமுனைக் கைத்தறியும் சேர்ந்ததுதான் இந்தப் பிரதேசம். மருதமுனைச் சாரம் ஊர்ப்பெயரோடே சந்தைக்குப் போகும் அரிய பொருள். இரண்டாவது சோதனைக்கு அதைத்தான் முதலில் நீட்டவேண்டும்.

வெளிநாட்டுப் பயணிகளிடையே இந்தக் கரையில் அதிகம் புழங்கும் பெயர் மட்டக்களப்பு என்பதைவிட அறுகம்பை என்பதே. பொத்துவிலுக்குத் தெற்கே உல்லைக் கரையில் சித்திரை, வைகாசி தொடக்கம் ஐப்பசி வரை வலப்புறமாக நீளமாக உடையும் அலை, உலக அலைச்சறுக்கர்களின் நாட்குறிப்பில் இருக்கிறது. 2019இல் உலக அலைச்சறுக்கு லீக்கின் தகுதிகாண் போட்டி அங்கே நடந்தது. ஆனால் அங்கே வந்துபோகும் பலர் "பொத்துவில்" என்ற பெயரைக் கேட்காமலே திரும்புகிறார்கள். இது அறிமுகம், ஐயமில்லை. பண்பாட்டுச் செல்வாக்கு என்று இதை நீட்டினால் எதிரணி வெட்டிவிடும்.

கடலுக்கடியில் இன்னொன்று கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே முதன்முதலில் வடிவமைக்கப்பட்ட பிரித்தானியக் கப்பல் ஹேர்மிஸ், 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டுபோட்டு மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழம். பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லை 40 மீற்றர் என்பதால் தொழில்நுட்பப் பயிற்சி பெற்றவர்களே இறங்க முடியும். அறிந்தவர் தொகை சிறிது. அறிந்தவருக்கு மட்டக்களப்பு என்றாலே ஹேர்மிஸ்.

மட்டக்களப்பு வாவி நீருக்கடியிலிருந்து இரவில் இசைபோல எழும் ஒலியைத்தான் பாடுமீன் என்கிறோம். அதை எப்படிக் கையாள்வது என்று தனியாகச் சொல்லவேண்டும், எல்லாரும் இடறுகிற இடம் அது. பிரித்தானிய ஆட்சியின் குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட் 1848இல் வாவியில் இந்த ஒலியைக் கேட்டு, ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ண விளிம்பைத் தேய்த்தால் எழும் அதிர்வுபோல என்று எழுதினார். மீனவர்கள் அவருக்குக் காரணமாகக் காட்டியது மீனையில்லை, ஊரி என்ற ஓட்டுயிரை. எந்த உயிரினம் என்று இன்றுவரை அறிவியல் உறுதிப்படுத்தவில்லை. ஆகவே "எங்கள் வாவியில் மீன் பாடுகிறது" என்று அறிவியல் உண்மைபோல முழங்காதீர்கள். "1848இல் கேட்டவர் எழுத்தில் பதிந்த, இன்னும் விடை காணாத ஒலி" என்று சொல்லுங்கள், அதுவே வலுவானது. கொழும்பிலிருந்து வரும் இரவு ரயிலுக்குப் பாடுமீன் என்ற பெயர் இருப்பதையும் சேர்க்கலாம், யாழ்தேவிக்கு ஈடாக.

யாழ் நூலகம் 1981இல் எரிந்ததும், ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்ததும் உலகறிந்தவை. 2004 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பையும் உலகம் பார்த்தது. எந்தத் துயரத்தையும் புள்ளிக்காக எடுத்துவைக்காதீர்கள். இரு அணியும் இதை முன்கூட்டியே பேசி விலக்கிக்கொள்வது நல்லது.

பாயோடு ஒட்டவைக்கும் பழமொழியையும் விட்டுவிடுங்கள். மட்டக்களப்பார் வந்தவரை மயக்கி ஊரோடு நிறுத்திவிடுவார்கள் என்ற அந்தப் பேச்சு, உத்தியோகத்துக்கு வந்த வெளியூரார் இங்கேயே கலியாணம் முடித்துத் தங்கியதிலிருந்து கிளைத்தது. அதில் விருந்தோம்பலும் இருக்கிறது, இழிவும் இருக்கிறது. மேடையில் இழிவுதான் முதலில் கேட்கும்.

உலக மரபுரிமைப் பட்டியலை இரு அணியும் இழுக்கப் பார்க்கும். இலங்கையின் எட்டு இடங்களில் வடக்கிலும் கிழக்கிலும் ஒன்றுகூட இல்லை. தொட்டறிய முடியாத மரபுரிமைப் பட்டியலில் 2018இல் சிங்கள நூல்பொம்மலாட்டமும் 2021இல் தும்பறைப் பாயும் ஏறின. கூத்து ஏறவில்லை. ஏறவேண்டுமானால் அரசு முன்மொழிய வேண்டும். அதற்கு முன் அந்தக் கலை தேசிய விவரப்பட்டியலில் இருக்கவேண்டும். ஆடுகிற சமூகம் தன் சம்மதத்தைத் தானே கொடுத்ததற்குச் சான்று வேண்டும். இந்த இரண்டுக்கும் ஊர் ஊராகப் பதிவு தேவை. எந்த ஊரில் எந்தக் கூத்து, அண்ணாவியார் யார், கூத்துப் பாட்டு எழுதிய கொப்பி யாரிடம், கடைசியாக எப்போது ஆடியது என்ற விவரம். விவாதம் முடிந்ததும் உங்கள் மாணவர்கள் செய்யத்தக்க வேலை இது. அதனால் செய்முறையையும் எழுதிவிடுகிறேன்.

கூத்துப் பதிவுகள் பெரும்பாலும் பாழாவது அரங்கேற்ற இரவில். ஒலிபெருக்கி இரைச்சலில் மத்தளம் பாட்டை விழுங்கிவிடும், ஒற்றைக் கமெரா கூட்டத்தின் தலைகளுக்கு மேலால் பார்க்கும். ஆகவே அரங்கேற்றத்துக்குச் சில கிழமை முன்னர், ஒலிபெருக்கி இல்லாத பழக்கக் களரியில் பதியுங்கள். அண்ணாவியார் தாளக்கட்டைத் தனியே சொல்லட்டும், பிறகு மத்தளத்தோடு, பிறகு ஆட்டத்தோடு; மூன்றும் தனித்தனிக் கோப்பு. ஒலி வாங்கியைப் பாடுபவரின் பக்கம் வையுங்கள், மத்தளத்தின் முகத்துக்கு நேரே வேண்டாம். கொப்பியைக் கைப்பேசியில் சாய்வாகப் படம்பிடிக்காமல் 300 டிபிஐக்குக் குறையாமல் வருடி எடுங்கள். கிழிந்த தாளையும் ஓரக் குறிப்பையும் விடவேண்டாம், திருத்தங்கள் அங்கேதான் இருக்கும். வெளியிடச் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். சில பாடல்களைச் சடங்குக்கு வெளியே பாடக்கூடாதென்று ஊரார் சொன்னால் அவற்றை விட்டுவிடுங்கள்.

பாடுமீன் ஒலிக்கு நீருக்கடியில் கேட்கும் ஒலிவாங்கி வேண்டும். அது இல்லையென்றால் துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்கும் பழைய முறை, கேட்கத்தான் உதவும், பதிவுக்கு உதவாது. மழைக்காலத்தைத் தவிர்த்து, காற்றில்லாத பறுவ இரவில், கல்லடிப் பாலத்தில் வாகனம் குறைந்த பின், தோணியின் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். நேரம், ஆழம், நீரின் வெப்பநிலை, இடத்தின் ஆயக்கூறு ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிடுங்கள்; தனித்தாளில் எழுதினால் தாள் தொலையும்.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் தேடி ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு சேகரியுங்கள். ஒரே கொப்பியை இரண்டு தரம் வருடுவதில் பயனில்லை. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது முதலில் ஊர், பிறகு கூத்தின் பெயர், பிறகு மோடி, கடைசியாக ஆண்டு. தமிழில் எழுதிவிட்டு, விவரப் பெட்டியில் மட்டக்களப்பு, பட்டிக்கலோ, மடகலப்புவ என்ற மூன்று பெயரையும் அந்தந்த மொழி எழுத்தில் சேர்த்துவிடுங்கள், எந்த மொழியில் தேடுபவருக்கும் அகப்படும்.